சாக்கு நிறைந்த பிறகு

ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரே நிற டி-சர்ட் போட்ட கூட்டம் ஒன்று சேரும். என்.எஸ்.எஸ். மாணவர்கள், ஐ.டி. கம்பெனி ஊழியர்கள், தூக்கம் கலையாத பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோர். ஆளுக்கொரு ஜோடி கையுறை, இரண்டு பேருக்கு ஒரு சாக்கு. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். கட்டிய சாக்குகளைக் குவித்து, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பொட்டலத்தில் வந்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலக் கூட்டம் வந்து போனபின் அதே மணலில் சுண்டல் கப், ஐஸ்கிரீம் குச்சி, தண்ணீர் பாட்டில் மூடி, சிகரெட் துண்டு எல்லாம் திரும்ப வந்திருக்கும்.

இதனால் என்ன பயன்? கேலியாகக் கேட்கிறவர்கள் உண்டு. கவலையோடு கேட்கிறவர்களும் உண்டு. வருஷக்கணக்கில் விடாமல் அள்ளியவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்விதான் இது. உலகின் பல ஊர்களில் ஓடைகளையும் கடற்கரைகளையும் மக்கள் தாங்களே இறங்கிச் சுத்தம் செய்யத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஊகத்தை விட்டுவிட்டு விடை தேடும் அளவுக்குச் சான்றுகள் சேர்ந்துவிட்டன. அவற்றைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. எத்தனை டன் அள்ளினார்கள் என்று பத்திரிகையில் முதலில் வருகிற கணக்கு ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை. சாக்கு நிறைந்த பிறகு என்ன நடந்தது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

1984 அக்டோபரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மீன்-வனவிலங்குத் துறையில் பணியாற்றிய ஜூடி நீல்சன் விடுத்த அழைப்பை ஏற்று சுமார் 2,100 பேர் கடற்கரைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா இதைத் தொடர்ந்தது. ஆனால் இன்று நாம் பார்க்கும் செப்டம்பர் சடங்குக்கு மூலம் டெக்சஸ். லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இரு பெண்கள், பின்னாளில் ஓஷன் கன்சர்வன்சி என்று பெயர் மாறிய அமைப்பில் வேலை பார்த்தவர்கள், 1986ல் அங்கே 2,800 பேரைத் திரட்டினார்கள். சில மணி நேரத்தில் 124 டன் சேர்ந்தது. அந்த இருவரும் செய்த புதுமை வேறு. எடுக்கிற ஒவ்வொரு பொருளையும் ஓர் அட்டையில் குறிக்கச் சொன்னார்கள்.

அந்த அட்டை வேலை எப்படி நடக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும். ஒருவர் குனிந்து எடுப்பார். எடுத்ததை உரக்கச் சொல்வார். இன்னொருவர் அட்டையில் உரிய கட்டத்தில் கோடு போடுவார், நான்கு கோட்டுக்கு மேல் குறுக்கே ஐந்தாவது. மூடி, மூடி, ஸ்ட்ரா, கவர், மூடி. கால் மணி நேரம் இப்படிப் போனதும் எடுக்கிறவருக்கே சலித்துவிடும். எண்ணாமல் மொத்தமாக அள்ளிப் போட்டுவிடலாமே என்று கை பரபரக்கும். அள்ளிப் போட்டால் அந்த இடத்துக் கரை வேகமாகச் சுத்தமாகும் என்பதும் உண்மைதான். நல்ல ஒருங்கிணைப்பாளர் அந்த நேரத்தில்தான் கண்டிப்பு காட்டுவார்.

டெக்சஸ் அட்டைகளில் கப்பல் சமையலறைக் கழிவும் கடலில் வேலை செய்கிறவர்கள் வீசிய சாமான்களும் நிறைய இருந்தன. கரைக்கு வந்து போகிறவர்கள் போட்ட குப்பை என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். கப்பல்கள் பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டக் கூடாது என்கிற மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாவது இணைப்பை அமெரிக்கா 1987ல் ஏற்றது. 1988 டிசம்பர் 31 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்தவற்றுள் கடற்கரையில் போடப்பட்ட இந்தக் கோடுகளும் உண்டு. 1989ல் இந்தச் சுத்திகரிப்பில் கனடாவும் மெக்சிகோவும் சேர, 'சர்வதேச' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. பல ஆண்டுகள் பட்டியலில் முதலிடம் சிகரெட் துண்டுக்குத்தான். 2019ஆம் ஆண்டுக் கணக்கில் முதல்முறையாகத் தின்பண்ட உறைகள் அதை முந்தின.

எண்ணிக்கை சட்டமாக மாறிய கதைகளில் வாஷிங்டன் நகரத்து அனகோஸ்டியா ஆறு எல்லாவற்றிலும் தெளிவானது. வெள்ளை மாளிகைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் ஓடும் ஆறு. அதன் கரையில் கறுப்பின ஏழைகளின் குடியிருப்புகள். 1971 முதல் அதில் குளிக்கத் தடை. 1989ல் தொடங்கிய அனகோஸ்டியா நீர்ப்பிடிப்புச் சங்கம் ஆண்டுக்கணக்கில் ஆட்களைத் திரட்டிக் குப்பை எடுத்தது. 2008ல் அந்தச் சங்கம் நகர நிர்வாகத்துக்காகச் செய்த ஆய்வில், கிளை ஓடைகளில் கிடந்த குப்பையில் ஏறக்குறைய பாதி பிளாஸ்டிக் கேரி பேக் என்று வந்தது. அந்த ஒரு விவரம் போதுமானதாக இருந்தது. 2010 ஜனவரி 1 முதல் கடைகளில் ஒரு பைக்கு 5 சென்ட் கட்டணம். அதில் ஒரு பங்கு ஆற்றைச் சுத்தம் செய்யும் நிதிக்கே போகும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அதே ஆண்டில் ஆற்றில் சேரும் குப்பைக்கு உச்சவரம்பும் வந்தது. தவறினால் பொறுப்பு உள்ளாட்சியின் தலையில்.

இந்த மாதிரிச் சட்டங்களால் கரையில் கிடக்கும் பை குறைந்ததா என்று சோதித்துப் பார்க்கவும் தன்னார்வலர்களின் அட்டைகளே உதவின. பொருளியல் ஆய்வாளர்களான அன்னா பாப், கிம்பர்லி ஓரெமஸ் இருவரும் 2016 முதல் 2023 வரை அமெரிக்காவில் நடந்த 45,067 கரைச் சுத்திகரிப்புகளின் பதிவுகளை எடுத்து, பைக்குத் தடையோ கட்டணமோ இருந்த ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். 2025ல் சயன்ஸ் இதழில் முடிவு வெளியானது. சட்டம் உள்ள இடங்களில், எடுத்த பொருள்களுள் பைகளின் பங்கு 25 முதல் 47 சதவீதம் வரை குறைவாக இருந்தது. தூக்கக் கலக்கத்தோடு யாரோ ஒரு மாணவன் போட்ட ஐந்தாவது கோடு, உலகின் மிகக் கறாரான அறிவியல் இதழ் ஒன்றுக்கு ஆதாரமாகிவிட்டது. அந்த ஆய்விலேயே இன்னொன்றும் இருக்கிறது: சட்டம் இருந்த ஊர், இல்லாத ஊர் இரண்டிலுமே பைகளின் பங்கு ஏறிக்கொண்டுதான் போனது, சட்டம் இருந்த இடத்தில் ஏற்றம் மெதுவாக இருந்தது, அவ்வளவுதான்.

எண்ணுவது என்று வந்துவிட்டால் எதை எண்ணுவது என்ற தகராறும் கூடவே வரும்.

மேற்சொன்ன அட்டையில் பாட்டில் என்று இருக்கும். யாருடைய பாட்டில் என்று இருக்காது. அந்தச் சர்வதேசச் சுத்திகரிப்புக்கு நெடுங்காலம் புரவலராக இருந்த நிறுவனங்களில் கோகோ கோலாவும் ஒன்று என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. 2017ல் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் ஃப்ரீடம் தீவு என்ற இடத்தில் தன்னார்வலர்கள் வேறு மாதிரி செய்தார்கள். பொட்டலத்தைப் புரட்டி, மண்ணைத் துடைத்து, பிராண்டின் பெயரை எழுதினார்கள். நெஸ்லே, யூனிலீவர் போன்ற பெயர்கள் பட்டியலில் மேலே வந்தன. ஒருவேளைக்கான ஷாம்பு, காபித்தூள் சாஷேக்கள்தான் காரணம்; நம்மூர்ப் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே, அதேதான். பிரேக் ஃப்ரீ ஃப்ரம் பிளாஸ்டிக் என்ற கூட்டமைப்பு இதை 'பிராண்ட் தணிக்கை' என்று பல நாடுகளுக்கும் கொண்டுபோனது. 2018 முதல் 2022 வரை 84 நாடுகளில் நடந்த 1,576 தணிக்கைகளில் கிடைத்த 18 லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை வைத்து 2024ல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் பெயர் அழிந்துபோயிருந்தது. பெயர் தெரிந்தவற்றில் 11 சதவீதம் கோகோ கோலா. 56 நிறுவனங்களைச் சேர்த்தால் பாதியைத் தாண்டுகிறது.

இந்தத் தணிக்கைக்காரர்கள் பழைய கணக்கு ஒன்றையும் நேர் செய்கிறார்கள். 1953ல் அமெரிக்காவில் 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் பான நிறுவனங்களும் பொதிகலன் தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். 1971ல் அதன் புகழ்பெற்ற விளம்பரத்தில் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விட்ட 'செவ்விந்தியர்' உண்மையில் இத்தாலிய வம்சாவளி நடிகர். குப்பை போடுகிறவன் குற்றவாளி, பாட்டில் செய்கிறவன் நிரபராதி என்ற பாடத்தை ஒரு தலைமுறைக்கே அது சொல்லிக்கொடுத்தது. நம்மூரில் சி.எஸ்.ஆர். நிதியில் டி-சர்ட் அச்சடித்து நடக்கும் கடற்கரைச் சுத்திகரிப்புகளிலும் இந்தப் பாடத்தின் வாடை அடிக்கத்தான் செய்கிறது. பேனரில் இருக்கும் நிறுவனத்தின் உறை சாக்குக்குள்ளும் இருந்தால் அதை யார் தனியாக எடுத்து எண்ணப்போகிறார்கள்?

டன் கணக்கே எதையும் சொல்வதில்லை என்று முதலில் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. மும்பையின் வெர்சோவா.

2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் கடலைப் பார்த்த வீட்டுக்குக் குடிவந்தார். ஜன்னலைத் திறந்தால் கடலுக்கும் அவருக்கும் நடுவே குப்பைமேடு, சில இடங்களில் ஆள் இடுப்பளவு. 84 வயதான பக்கத்து வீட்டுக்காரர் ஹர்பன்ஷ் மாத்தூரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இறங்கினார். முதலில் இரண்டு பேர், பிறகு மீனவர்கள், குப்பத்துப் பிள்ளைகள், சினிமா நடிகர்கள், வெளிநாட்டுத் தூதர்கள். வாரந்தோறும் இது நடந்தது. எல்லா வித்தியாசமும் அந்த 'வாரந்தோறும்' என்பதில் இருக்கிறது. 85 வாரங்களில் 50 லட்சம் கிலோவுக்கு மேல் எடுத்தார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2016ல் அவருக்கு 'புவியின் சாம்பியன்' விருது கொடுத்தது.

வெர்சோவாவில் கிடந்தது பாட்டிலும் மூடியும் மட்டுமல்ல. நகரத்துக் கழிமுகங்களில் குப்பை எடுத்த எவரைக் கேட்டாலும் மிகப் பெரிய எதிரி துணி என்பார்கள். நைலான் புடவை ஒன்று மணலுக்குள் புதைந்து முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பிடித்து இழுத்தால் வராது. அலை ஒவ்வொன்றும் கொண்டுவந்த மணல் மடிப்புக்குள் ஏறி இறுகியிருக்கும். கூடவே மீன்வலைத் துண்டும் தங்கூஸ் நரம்பும் சுற்றிக்கொண்டு, ஒன்றை இழுத்தால் ஒரு பந்தே அசையும். சுற்றிலும் தோண்டி, கத்தியால் அறுத்து அறுத்து, நாலு பேர் சேர்ந்து வெளியே எடுப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அட்டையில் அதற்கு ஒரே ஒரு கோடுதான்.

2018 மார்ச்சில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெர்சோவா மணலிலிருந்து கடலுக்குப் போவதைப் பார்த்தார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அங்கே முதல்முறை. உலகம் முழுக்கச் செய்தியானது அது. அதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2017 நவம்பரில் ஷா வேலையை நிறுத்திவிட்டதாக அறிவித்தார். எடுத்துக் குவித்த குப்பை நாட்கணக்கில் அகற்றப்படாமல் கிடந்தது. தன்னார்வலர்களைச் சிலர் வம்புக்கு இழுத்தார்கள். பிறகு அரசுத் தரப்பில் பேசி, வாக்குறுதி தந்து, வேலை மறுபடி தொடங்கியது. சாக்கைக் கட்டி வைப்பது வரைதான் மக்கள் கையில். லாரி வருவது மாநகராட்சியின் கையில். வெர்சோவாவையே ஆட்டிவிட்டது அந்த இடைவெளி. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் திருப்பிக் கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து, ஷா பின்னாளில் கரையை விட்டு உள்ளே நகர்ந்து மித்தி ஆற்றுக்கும் ஓடையோரக் குடியிருப்புகளுக்கும் போனார். வீடுகளில் பேசி, குப்பை ஓடையில் விழுவதற்கு முன்னாலேயே வாங்கிப் பிரிப்பதுதான் அங்கே வேலை.

லாரி வந்தால் மட்டும் போதுமா? சென்னையில் அந்த லாரி எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் விசித்திரமான இடத்தில் போய் நிற்கும். நகரத்தின் இரண்டு பெரிய குப்பைக் கிடங்குகள் வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே. சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்று 2022ல் ராம்சார் தகுதி பெற்ற அந்தச் சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போகிறது. பிரித்துத் தராமல் கலந்துகட்டிய சாக்கு ஒவ்வொன்றும், கடற்கரையிலிருந்து எடுத்துக் கடலுக்குப் போகிற வழியில் வைத்த மாதிரிதான். பெருங்குடி மேட்டைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி தொடங்கியிருக்கிறது. ஆனாலும் மணலும் உப்பும் ஏறிய கடற்கரைப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்காரர்கள் விரும்பி வாங்குவதில்லை. கரையிலேயே உட்கார்ந்து கண்ணாடி, கெட்டிப் பிளாஸ்டிக், செருப்பு, வலை என்று பிரிக்கிற குழுக்கள் சென்னையில் இருக்கின்றன. படத்துக்கு அழகாக வராத வேலை அது.

குப்பை அள்ளுவதைச் சேவையாகச் செய்கிறவர்களையும் பிழைப்பாகச் செய்கிறவர்களையும் நம் சமூகம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஞாயிறு காலை கையுறையோடு குனிகிறவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. திங்கள் காலை அதே மணலில் குனிகிற தூய்மைப் பணியாளருக்கு நிரந்தர வேலைகூடக் கிடைப்பதில்லை. 2025 ஆகஸ்டில் சென்னையின் இரண்டு மண்டலங்களின் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து அவர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது, கடற்கரை டி-சர்ட்டுகள் அங்கே அதிகம் கண்ணில் படவில்லை. தன்னார்வ வேலையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அள்ளிப் பார்த்தவருக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட உழைப்பு என்று உடம்பில் உறைக்கும்; அப்படி உறைத்தவர்களே கூலி பற்றியும் கையுறை பற்றியும் பேசத் தகுந்த சாட்சிகள்.

சுத்தம் செய்வதே கெடுதலாகிப்போகும் இடங்களும் உண்டு. அலையாத்திச் சேற்றில் இருநூறு பேர் ஒரே காலையில் இறங்கினால் மூச்சுவேர்கள் மிதிபட்டு ஒடியும். சிங்கப்பூரில் 1992 முதல் நடந்துவரும் கடற்கரைச் சுத்திகரிப்பை நீண்ட காலம் ஒருங்கிணைத்த தேசியப் பல்கலைக்கழகத்தின் சிவசோதியும் அவருடைய குழுவும் முன்கூட்டியே இடத்தைப் போய்ப் பார்த்து, எங்கே எத்தனை பேர் இறங்கலாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பள்ளிகளை அழைப்பார்கள். மணற்கரையில் ஓடும் சலிப்பு இயந்திரங்களுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். அவை குப்பையோடு ஒதுங்கிய கடற்பாசியையும் வாரிவிடும். அந்தப் பாசியில்தான் கரைப்பறவைகளுக்குத் தீனி. ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடும் சென்னைக் கரையில், 1988 முதல் இரவுநடை போய் முட்டைகளைக் காக்கும் மாணவர் ஆமைப் பாதுகாப்பு அமைப்பைக் கேட்காமல் இயந்திரத்தை ஓட்டுவது நல்லதல்ல.

கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பத்துப் பன்னிரண்டு பெரிய ஆறுகள்தான் கொண்டுவருகின்றன என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021ல் வெளியான ஆய்வு ஒன்று அதை மாற்றியது: 80 சதவீதத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் காரணம், அவற்றுள் நகரங்களுக்கு நடுவே ஓடுகிற சின்ன ஆறுகளுக்குப் பெரும் பங்கு. அடையாறு 42 கிலோமீட்டர்தான். கூவமும் அப்படி ஒன்றும் பெரிய ஆறு இல்லை. கடலோரத்தில் காத்திருந்து அள்ளுவதைவிட இப்படிப்பட்ட ஓடைகளின் வாயில் தடுப்பது மலிவு என்பதை பால்டிமோர் காட்டியது. 2014 மேயில் ஜோன்ஸ் ஃபால்ஸ் ஓடை துறைமுகத்தில் சேரும் இடத்தில் நீர்ச்சக்கரம் ஒன்று வைத்தார்கள்; ஓடும் தண்ணீரும் சூரிய மின்சாரமும் சுற்ற, குப்பை பட்டையில் ஏறிக் கலத்தில் விழும். அதற்கு இரண்டு பெரிய கண் வைத்து 'மிஸ்டர் டிராஷ் வீல்' என்று பெயரும் வைத்தார்கள். குழந்தைகளுக்கு அது ஒரு கதாநாயகன். அங்கேயும் எண்ணினார்கள். நுரைப் பெட்டிகள் எவ்வளவு வருகின்றன என்ற கணக்கு, 2020 அக்டோபரில் மேரிலாந்தில் தெர்மாகோல் உணவுப் பெட்டிகளுக்கு வந்த தடைக்கான வாதத்தில் பயன்பட்டது.

கூவத்திலும் சில ஆண்டுகளுக்கு முன் மிதவைத் தடுப்புகள் போட்டார்கள். நிறையச் சிக்கியது, ஆகாயத்தாமரையும் சேர்த்து. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பொருள்களுக்குத் தடையும் இருக்கிறது. ஒரே ஓடைவாயில், ஒரே முறையில், மாதாமாதம் எண்ணி, தடை போட்ட பொருள் குறைந்ததா என்று ஊரறியச் சொல்லும் பழக்கம்தான் இன்னும் வேர்பிடிக்கவில்லை. அதற்கு ஆள் வேண்டும். ஆள் நம்மிடம் இருக்கிறார்கள், செப்டம்பர் தோறும் வருகிறார்கள்.

சாக்கடை இதற்குள் அடங்காது. கூவம் கறுத்து நாறுவதற்குப் பெரும் காரணம் கழிவுநீர். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இறங்கினாலும் கையால் அதை எடுக்க முடியாது. அனகோஸ்டியாவிலும் மழைநாளில் ஆற்றில் கலந்த கழிவுநீரை நிறுத்தியது 2018லும் 2023லும் பயன்பாட்டுக்கு வந்த ராட்சதச் சுரங்கக் குழாய்கள்தான். குப்பை அள்ளியவர்கள் உண்டாக்கியது அதற்கான கூச்சலை.

மக்கள் இறங்கி அள்ளியே இருக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய கசிவு இல்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. எர்ணாவூர் பாறைகளுக்கு இடையே தார் மாதிரி எண்ணெய்க் குழம்பு வந்து தேங்கியதும், மாணவர்களும் மீனவர்களும் பக்கெட்டோடு பாறைமேல் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி ஊற்றினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் பலர். இவ்வளவு கப்பல் வந்து போகும் கரையில் பக்கெட்தான் கருவியா என்று கேட்டவர்கள் சிலர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்தி, கூழைக்கடா எல்லாவற்றிலும் எண்ணெய். இம்முறையும் அள்ளியவர்கள் மீனவர்களே, குவளையும் டிரம்மும் வைத்துக்கொண்டு. தொடக்க நாட்களில் பலருக்குச் சரியான கையுறைகூட இல்லை. கூலி கொடுத்தார்கள் என்பது சரி. இறாலும் நண்டும் கிடைக்காமல் போனவர், அதைக் கெடுத்த எண்ணெயையே கூலிக்கு அள்ளுவதைத் தன்னார்வம் என்று எழுதுவது அபத்தம்.

இப்படி அள்ள வேண்டிவருவதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இலங்கையில் நீதிமன்றம் வரை போனது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2ல் மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை, பருப்பு அளவே உள்ள 'நர்டில்', கடலில் கொட்டி, மேற்குக் கரையில் ஒதுங்கத் தொடங்கியது. வெள்ளைக் குருணையோடு தீயில் உருகிப் பழுப்பாகிக் கட்டிதட்டியவையும் கிடந்தன. கடற்படையினர் முதலில் மேலாக வழித்தெடுத்தார்கள். அடுத்த மாதங்களில் பேர்ல் புரொடெக்டர்ஸ் போன்ற இளைஞர் குழுக்கள் சல்லடையோடு உட்கார்ந்தன. மணலை அள்ளிக் கடல்நீர் நிறைந்த பக்கெட்டில் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், குருணை மிதக்கும். கூடவே சருகும் தக்கையும் மிதக்கும், அதைக் கையால் பொறுக்க வேண்டும். நாள் முழுக்க நாலைந்து பேர் உட்கார்ந்தால் சில கிலோ சேரும்.

2025 மே 25ல் கேரளத்துக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது அதே குருணை திருவனந்தபுரத்திலும் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் தனுஷ்கோடியிலும் ஒதுங்கியது. இலங்கையின் வடகரைக்கும் போனது. குமரியில் அதே சல்லடை, அதே பக்கெட். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டுக் கப்பல் உரிமையாளர் மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம், எக்ஸ்-பிரஸ் பேர்ல் தரப்பு 100 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. செப்டம்பரில், தர முடியாது என்று கப்பல் நிறுவனத்தின் தலைமை அதிகாரி செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார்.